வெடிக்கு அசராத நாய்க்கு டாக்டர் சீனியம்மாள் கோப்பையா?

செய்தி வந்தபோது என் வலது கை தோள்பட்டை வரைக்கும் ஒரு பசுவின் உள்ளே இருந்தது. கால்நடை மருத்துவன் பிழைப்பு அப்படி. வத்திராயிருப்பில் சங்கரம்மாள் என்பவரின் தொழுவத்தில் சினைப் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் கைப்பேசி விடாமல் அடித்தது. "எடுத்துக் காதுல வைங்க தாயி" என்றேன். அவர் எடுத்து, முதலில் தன் காதில் வைத்து முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் என் காதுக்குக் கொண்டுவந்தார். வரும்போதே, "சீனியம்மான்னு ஒரு டாக்டரம்மா தவறிட்டாவளாம்" என்று அவரே சொல்லியும் விட்டார்.

மறுமுனையில் அழுதுகொண்டிருந்தவர் சீனியம்மாளின் கணவர் பரமசிவம். காலையில் நெஞ்சுவலி. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் கையை வெளியே எடுக்கவும் மறந்து நின்றேன். மாடு சினையா இல்லையா என்று சங்கரம்மாள் கேட்கவே இல்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து என் அருகே வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இரண்டாவது செய்தி அன்று சாயங்காலம் வந்தது. ராஜபாளையத்தில் உள்ள ஒரு நாய் வளர்ப்போர் சங்கம் அனுப்பியது. சங்கத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நானும் அதன் கமிட்டியில் இருந்தவன். ஆண்டுதோறும் அவர்கள் நடத்தும் நாய்க் கண்காட்சியில் மைக் பிடித்ததும் நான்தான். சீனியம்மாளின் படத்தைப் போட்டிருந்தார்கள். ஏதோ குழுப் படத்திலிருந்து வெட்டியது. அவர் பக்கத்தில் அரைத் தோள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது என் தோள்தான், சட்டையை வைத்துக் கண்டுபிடித்தேன். படத்துக்குக் கீழே இப்படி: "அன்னாரின் நினைவாக, இவ்வாண்டு கண்காட்சியில் வெடிக்கு அசராத வீர நாய்க்கு டாக்டர் சீனியம்மாள் நினைவுக் கோப்பை வழங்கப்படும்."

மூன்று முறை படித்தேன். மதுவிலக்குக்காக உண்ணாவிரதம் இருந்த ஒருவர் பெயரில் ஒயின்ஷாப் திறந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

மறுநாள் சங்கச் செயலாளர் போன் செய்தார். கண்காட்சி மலரில் போட, அம்மாவைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "ஒங்க ஸ்டைல்ல சிரிக்கச் சிரிக்க எழுதுங்க டாக்டர். யாரு மனசும் புண்படாம." சரி என்றேன். எழுத உட்கார்ந்தால் வந்தது இதுதான். அந்த மலரில் இது வராது என்பதால் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் இதழுக்கு அனுப்புகிறேன். சீனியம்மாளைத் தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களுக்கு, அந்தக் கோப்பை ஏன் அவருக்குச் செய்யும் அவமானம் என்பது இதைப் படித்து முடிக்கும்போது தெரிந்துவிடும்.

டாக்டர் சீனியம்மாள் சுந்தரபாண்டியத்துக்காரர். தறி நெய்கிற குடும்பம். அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் சேர்ந்தோம். நான் ராஜபாளையம். மனித டாக்டருக்கு மார்க் போதாமல் மாட்டு டாக்டருக்கு வந்தவன். அவர் அப்படியல்ல, முதல் விருப்பமாக இதையே எழுதிக் கொடுத்து வந்தவர். விடுதியில் இதைக் கேட்டு எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நாங்கள் எல்லோரும் தோற்றுப்போய் வந்து சேர்ந்த இடத்துக்கு ஒரு ஆள் ஆசைப்பட்டு வந்தால் கோபம் வராதா?

முதலாண்டில் உடற்கூறியலுக்கு எலும்புகளை வைத்துத்தான் படிக்க வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு அவர் ஒரு முழு மாட்டின் எலும்புகளைச் சாக்குப் பையில் கட்டி ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வத்திராயிருப்பு பஸ் ஏறினோம். எனக்கு வத்திராயிருப்பில் அத்தை வீடு. ஒரு வேகத்தடையில் பஸ் எகிறியதில் சாக்கு பிரிந்தது. மண்டையோடு உருண்டு போய் ஓட்டுநர் காலடியில் நின்றது. பஸ் நின்றது. "மந்திரக்காரிடீ!" என்று யாரோ அலறினார்கள். நடத்துநர் சீட்டி ஊதி, "ஏம்மா, யாரு பை இது? எறங்கு மொதல்ல" என்றார்.

சீனியம்மாள் இறங்கவில்லை. எழுந்து நின்று, "பயப்படாதீய. மாட்டு எலும்புதான். நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கேன், இது எம் பொஸ்தகம்" என்றார். அப்புறம் ஒவ்வொரு எலும்பாகப் பொறுக்கி, ஒவ்வொன்றும் மாட்டுக்கு எங்கே இருக்கிறது என்று தன் உடம்பைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். சுந்தரபாண்டியம் வருவதற்குள் நடத்துநர் தொடையெலும்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "அப்பம் ஆட்டுக்கு முட்டி எங்க வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கும்போது அந்தப் பையை அவரே தூக்கிக் கொடுத்தார்.

இதில் என் பங்கு என்ன என்று கேட்பீர்கள். நான் கடைசி இருக்கையில், இந்தப் பெண்ணை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்ற முகத்தோடு ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பை ரசித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய அன்று, "ஏலே, தென்னை மரம் அம்புட்டையும் எண்ணிட்டியா?" என்று கேட்டார்.

அவர் மேற்படிப்புக்கு எடுத்தது கால்நடை மரபியல். ஆய்வுக்கு எடுத்தது எங்கள் ஊர் நாய். ராஜபாளையம் நாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அதே வெள்ளையில்தான் வினையும் இருக்கிறது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அணுக்கள் காதுக்குள்ளேயும் இருந்தால்தான் காது கேட்கும். அவை இல்லாமல் போனால் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாகிவிடும். தாயும் தகப்பனும் அந்தக் குறையைச் சுமந்தால் குட்டிகளுக்கு ஆபத்து இன்னும் கூடும். இதைப் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனார். நான் அந்த ஐந்து நிமிடமும் தூங்கினேன். சீனியம்மாள் அதற்கு ஆயுள் முழுவதையும் கொடுத்தார்.

"வெளிநாட்டு நாயைப் பத்தி எழுதுனா ஒனக்கு வெளிநாடு போலாமே?" என்று கேட்டேன். "நாம படிக்கது யாரு காசுலலே? தறியில ஒக்காந்திருக்கவன் தீப்பெட்டி வாங்குனாக்கூட வரி குடுக்கான். அந்தக் காசுல படிச்சிட்டு, அவன் வாசல்ல கெடக்க நாயைப் பாக்காம வேற யாரு நாயைப் பாக்கது?" என்றார்.

செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிப்பது எளிது என்று நினைப்பீர்கள். கைதட்டினால் திரும்பாதே என்பீர்கள். திரும்பும். ஏழு குட்டிகள் ஒன்றாகக் கிடக்கும்போது தட்டினால் ஆறு திரும்பும், ஏழாவது அந்த ஆறையும் பார்த்துத் திரும்பும். விற்கிறவர்களில் விவரமானவர்கள் குட்டிகளை மொத்தமாக அவிழ்த்துவிட்டுத்தான் காட்டுவார்கள். சீனியம்மாள் கோணிச் சாக்கைத் திரையாகக் கட்டி, ஒவ்வொரு குட்டியாக இந்தப் பக்கம் விட்டு, அந்தப் பக்கம் நின்று கரண்டியால் தட்டில் அடித்துப் பார்ப்பார். "தனியா விட்டுப் பாரு" என்பது அவர் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை. ஒரு காது மட்டும் கேட்காத குட்டிகளை அப்படியும் பிடிக்க முடியாது. அவற்றை மாம்பழக் கூடையில் வைத்து பஸ்ஸிலேயே கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கருவியில் சோதிப்பார்.

படித்து முடித்தோம். இருவருக்கும் அரசு வேலை. அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், நான் வத்திராயிருப்பு பக்கம். அந்தக் காலத்தில் நான் ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கினேன். மேஜர் என்று பெயர் வைத்தேன். கால்நடை மருத்துவன் அல்லவா, பல்லைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், மூக்கின் நிறத்தைப் பார்த்தேன். கூட்டத்தோடு விட்டுத்தான் பார்த்தேன்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் சரவெடி வெடித்தது. சிவகாசி பக்கத்தில் இருக்கிற ஊரில் தீபாவளி எப்படி இருக்கும் என்று தெரியுமே. தெருநாய்கள் எல்லாம் ஊரைவிட்டே ஓடின. மேஜர் வாசலில் படுத்துத் தூங்கினான். தலைமாட்டில் லட்சுமி வெடி வெடித்தது. ஒரு காதுகூட ஆடவில்லை. எனக்கு மார்பு விம்மியது. "பாத்தியளா! வேட்டை நாய் ரத்தம்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். மறுநாள் காலையில் ஊர்ப் பெரிய மனிதர்கள் மேஜரைப் பார்க்க வந்தார்கள். தங்கள் பெட்டை நாய்களுக்கு அவனைச் சேர்க்கைக்குக் கேட்டார்கள். நானும் மகனுக்குப் பெண் பார்க்கிற கெத்தோடு, குலம் கோத்திரம் விசாரித்து அனுப்பிவைத்தேன்.

எங்கள் ஊரில் அது வழக்கம். வெடிக்கு அசராத நாய்தான் வீர நாய். கண்காட்சியில் நாயை முளையில் கட்டி, பத்தடி தள்ளிச் சரத்தைப் பற்ற வைப்பார்கள். நடுங்காமல் நிற்கிற நாய்க்குக் கோப்பை. கோப்பை வாங்கிய நாய்க்கு வருஷம் முழுக்கக் கிராக்கி. அசராத நாய் எல்லாம் செவிடு என்று சீனியம்மாள் ஒருநாளும் சொன்னதில்லை. செவிட்டு நாய் ஒருநாளும் அசராது என்றுதான் சொன்னார். ஆக, காது கேட்காத நாயாகத் தேடிப் பிடித்து, கோப்பை கொடுத்து, அதன் வம்சத்தை ஊரெல்லாம் பெருக்கிக்கொண்டிருந்தோம். இந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்ய எங்களை விட்டால் ஆள் கிடையாது.

மேஜரின் புகழ் கேட்டு சீனியம்மாள் வந்தார். அவன் பின்பக்கம் ஜன்னலுக்கு வெளியே நின்று தட்டில் அடித்தார். மேஜர் எனக்கு வாலாட்டிக்கொண்டிருந்தான். நான் காலால் தரையைத் தட்டினேன், உடனே திரும்பினான். "பாத்தியா!" என்றேன்.

"காலால தட்டாத. தரை அதிருது, அதுல திரும்புதான். ஏலே, இது வீரம் இல்ல. இவனுக்குக் காது கேக்கல."

"கேக்கும். திமிர்ல திரும்ப மாட்டேங்கான்."

"நீயெல்லாம் டாக்டருன்னு போர்டு வேற மாட்டியிருக்க."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

அடுத்த கண்காட்சிக்கு அவர் சங்கத்திடம் அனுமதி வாங்கி வந்தார். ஏழு குட்டிகள், ஒரு சாக்குத் திரை, ஒரு தட்டு, கரண்டி. முதலில் ஏழையும் சேர்த்து விட்டுத் தட்டினார். ஏழும் திரும்பின. "எல்லாத்துக்கும் கேக்குதே டாக்டரம்மா!" என்று கூட்டம் கூச்சலிட்டது. "செத்த பொறுங்க. தனியா விட்டுப் பாப்போம்" என்று ஒவ்வொன்றாக விட்டார். இரண்டு குட்டிகள் திரும்பவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எல்லோர் வீட்டு நாயும் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது மைக் என் கையில் இருந்தது. நான் சொன்னேன்: "நாய்க்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்கு. பொம்பளை சத்தம் போட்டா வீட்டுல நாம திரும்புறமா? அது மாதிரிதான்!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. செயலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். சீனியம்மாள் குட்டிகளைக் கூடையில் எடுத்து வைத்துக்கொண்டு போனார். என் வாழ்க்கையில் நான் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் அவ்வளவு சிரிப்பு கிடைத்ததில்லை. அன்று மாலையும் சரவெடி வெடித்தது. கோப்பையும் கொடுத்தோம். ஊர் நாய்க்குக் கெட்ட பேர் வாங்கித் தருகிறார் என்று அதன் பிறகு ராஜபாளையத்தில் பல வீடுகளில் அவருக்குக் கதவு திறக்கவில்லை.

அடுத்த ஆனியில் மேஜர் மதுரை ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தான். ஓட்டுநர் இறங்கி வந்து என்னைத் திட்டினார்: "எம்புட்டு ஆரன் அடிச்சேன் சார்! பொடதிக்குப் பின்னாலயே நின்னு அடிச்சேன்! திரும்பியே பாக்கல சார்!" அந்த மனிதர் அழுதார். மேஜரைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, கையில் மண்ணோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "இவன எந்தெந்த வீட்டுக்கு அனுப்புன? எழுது" என்றார்.

இருவரும் அந்த வீடுகளுக்குப் போனோம். ஆலங்குளம் சிமென்ட் ஆலைக் குடியிருப்பு வரைக்கும் போனோம். மேஜரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தனியே விட்டுத் தட்டினார். கேட்காத நாய்களின் சொந்தக்காரர்களுக்கு, சைகை காட்டி அவற்றை எப்படிக் கூப்பிடுவது, ரோட்டுப் பக்கம் விடாமல் எப்படி வளர்ப்பது என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். "கொன்னுராதீய. சேர்க்கைக்கு மட்டும் விடாதீய. அம்புட்டுத்தான் நான் கேக்கது" என்பார். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேருக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் கேட்கவில்லை.

நான் திருந்தினேனா? பாதி. நாய் வாங்குகிறவர்களிடம் தனியாக விட்டுப் பார்க்கச் சொன்னேன். கமிட்டியில் வருஷா வருஷம் வெடியை நிறுத்தலாமே என்று மெல்லிய குரலில் சொன்னேன். அவர்கள் மறுத்ததும், போய் மைக்கைப் பிடித்தேன். மைக் ருசி அப்படி. சீனியம்மாள் அந்த மைதானத்துக்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை. அவரது ஆய்வை இந்த ஊரில் யாரும் ஒரு வரி பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. செத்த அன்றைக்குத்தான் பாராட்டு வந்தது, வெடியோடு.

பதினாறாம் நாளுக்கு முன்னால் பரமசிவம் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்பைக்குச் சம்மதம் என்று சங்கத்துக்கு எழுதித் தர வெள்ளைத்தாளை எடுத்து வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இது எந்தக் கோப்பைன்னு தெரியுமா?"

"தெரியும்யா. வெடிக் கோப்பை. அவ வேண்டாம்னு சொன்னதுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா முப்பது வருசம் நாய் பின்னால அலைஞ்சா. ஒருத்தன் ஒரு சால்வை போர்த்தல. ஏதோ ஒண்ணுல அவ பேரு இருக்கட்டுமேன்னு பாக்கேன்."

அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனால் வேறு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு மைதானத்தில் மைக்கில் அந்தக் கேலியைச் சொன்னவன் யார் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று அவர் தலையை ஆட்டினார்.

"அப்பம் நான் பட்டாளத்துல இருந்தேன். எவனோ சபையில வச்சுக் கேலி பண்ணிட்டான்னு மட்டும் போன்ல சொன்னா. ரெண்டு நாள் சாப்பிடல அவ. யாருன்னு கேட்டேன். கடைசி வரைக்கும் சொல்லல."

"நான்தான் அண்ணாச்சி."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் வெள்ளைத்தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்களுக்கு இந்த வீட்டுல எத்தனை தடவை சோறு போட்டிருக்கா" என்றார். பிறகு, "அப்பம் இந்தக் கோப்பையும் அதே கேலிதான். நீங்க வாயால பண்ணுனீய. இவிய வெள்ளியில பண்ணுதாவ" என்றார்.

மறுநாள் கமிட்டிக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். செயலாளர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "அம்மா நம்ம நாய்க்காக எம்புட்டு ஒழைச்சாவ!" என்றார்.

"என்ன ஒழைச்சாவ? சொல்லுங்க" என்றேன்.

"நாய்க்காகத்தான்... பொதுவா..." என்றார். கமிட்டியில் அத்தனை பேர் இருந்தார்கள், ஒருவரும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தெரிந்துகொண்டே செய்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அறியாமை என்றால் மன்னித்துவிடலாம். அவர் உயிரோடு இருந்தபோது வாசலில் நிறுத்திய ஆட்கள், அவர் வாய் பேசாது என்று உறுதியான பிறகு அவர் பெயரைச் சரவெடிக்குத் திரியாக்குகிறார்கள்.

பரமசிவம் அண்ணாச்சி எழுந்து நின்றார். "ஒண்ணு கேக்கேன். வெடியை நிறுத்திட்டு, வார நாய்க்கெல்லாம் அவ பாத்த மாதிரி தனியா விட்டுக் காது பாத்து, கேக்குற நாய்க்குக் கோப்பை குடுப்பீயளா?"

"அண்ணாச்சி, சனம் வெடியப் பாக்கத்தானே வருது!"

"அப்பம் அவ பேர எடுத்துருங்க."

"கோப்பை அடிச்சு, பேரும் வெட்டியாச்சே."

"எடுத்துருங்க" என்றார் மறுபடியும், அதே குரலில். பட்டாளத்துக் குரல். செயலாளர் என்னைப் பார்த்தார். "என்ன டாக்டர், எப்பவும் சிரிக்க வைக்கிற ஆளு நீங்க, இப்பம் சண்டைக்கு ஆள் கூட்டிட்டு வாரீய?" இந்த ஆண்டு மைக்குக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கமிட்டியிலும் நான் இல்லை என்றேன். யாரும் தடுக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "அப்பம் நீங்களே கடைக்குப் போயி பேர அழிச்சுக்கிடுங்க" என்று செயலாளர் பதில் சொன்னார்.

போனோம். ராஜபாளையம் கடைவீதியில் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிற சின்னக் கடை. கடைக்காரர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான வெட்டியிருக்கேன்? எதுக்குண்ணே அழிக்கச் சொல்லுதீய?" அண்ணாச்சி, "எம் பொண்டாட்டி பேரு" என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர் சாணைச் சக்கரத்தை ஓட்டிக் கோப்பையை அதில் வைத்தார். கிறீச்சென்று தெருவே கூசுகிற மாதிரி ஒரு சத்தம். கடைக்கு எதிரே நிழலில் நாலைந்து தெருநாய்கள் படுத்திருந்தன; செவலை, கறுப்பு, புள்ளி விழுந்தது என்று எந்தச் சாதியிலும் சேராத நாய்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்து, காதை மடக்கிக்கொண்டு, வாலைக் காலிடுக்கில் செருகி, சந்து வழியாகப் பறந்தன.

பரமசிவம் அண்ணாச்சி அவை ஓடுவதையே பார்த்தார். மனைவி போன பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "எல்லாத்துக்கும் நல்லாக் கேக்கு" என்றார்.

சீனியம்மாளின் பெயர் ஒவ்வோர் எழுத்தாகத் தேய்ந்து வெள்ளிப் பொடியாகக் கடைக்காரரின் மடியில் உதிர்ந்தது. போய் வாருங்கள், டாக்டர் சீனியம்மாள். உங்கள் பெயரில் இனி இந்த ஊரில் ஒரு வெடியும் வெடிக்காது.